ஆடிப் பதினெட்டு: ஆறு தள்ளி வந்தாலும் தேதி தள்ளாத பண்டிகை

ஆடிப் பதினெட்டு எந்தச் சாமிக்கு உரிய பண்டிகை? சட்டென்று கேட்டால் யாருமே ஒரு நொடி யோசிப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கும் கந்த சஷ்டிக்கும் பெயரிலேயே பதில் இருக்கிறது. தீபாவளிக்கு நரகாசுரன் கதை இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குக் கோயில் நடை திறக்க வேண்டாம், குருக்கள் வர வேண்டாம், மந்திரம் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஒரு பிடி மஞ்சள், கொஞ்சம் வெற்றிலை பாக்கு, ஆற்றங்கரையில் மூன்றடி இடம். பூஜை செய்வது வீட்டுப் பெண்கள். ஏற்றுக்கொள்வது எதிரே ஓடுகிற தண்ணீர்.

அந்தத் தண்ணீர் ஓடாத வருஷம் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி இல்லை. 2012 முதல் 2019 வரையிலான எட்டு வருஷங்களில், பாசனத்துக்காக மேட்டூரில் திறந்த தண்ணீர் டெல்டாவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆடிப் பதினெட்டு வந்தது ஒரே ஒரு வருஷம்தான், 2018. மற்ற வருஷங்களிலும் ஜனங்கள் படித்துறைக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பண்டிகையின் அர்த்தம் பாதி புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுவாமிமலையை வைத்துக்கொண்டு பார்க்கலாம். கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரை ஊர். ஆறுபடை வீடுகளில் நான்காவது. பெயர்தான் மலை. சுற்றிலும் தட்டையாக நெல்வயல் கிடக்கிற பூமியில் மலைக்கு எங்கே போவது? கல்லால் கட்டி எழுப்பிய கட்டுமலை அது. மேலே ஏற 60 படி. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் வருஷங்களுக்கு ஒன்றாக அந்தப் படிகளைச் சொல்வார்கள். அப்பனுக்கே பிரணவத்தின் பொருள் சொன்ன பிள்ளை என்பதால் சாமிக்குச் சுவாமிநாதன் என்று பெயர்.

ஆடி மாசத்தில் இந்த ஊருக்கு இரண்டு விசேஷம். மேலே கட்டுமலையில் ஆடிக் கிருத்திகை. காவடியும் பால்குடமும் அரோகராவுமாகக் கூட்டம் அள்ளும். கீழே ஆற்றில் பதினெட்டாம் பெருக்கு. சில வருஷம் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். 2021ல் ஆகஸ்ட் 2 கிருத்திகை, 3 பெருக்கு. அந்த வருஷம் கொரோனா கட்டுப்பாடு இருந்ததால் கோயிலிலும் கூட்டம் இல்லை, ஆற்றிலும் கூட்டம் இல்லை. அது வேறு கதை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கிருத்திகை நட்சத்திரக் கணக்கு. சந்திரன் கார்த்திகை நட்சத்திரத்துக்கு வருகிற நாள் எதுவோ அதுதான் விசேஷம், அதனால் வருஷா வருஷம் ஆடிக்குள் முன்னும் பின்னும் நகரும். நம்முடைய பெரும்பாலான பண்டிகைகள் இந்த வகைதான். நட்சத்திரமோ திதியோ பார்த்து வைத்தவை. பெருக்கு அப்படி இல்லை. அமாவாசை, பௌர்ணமி எதையும் கேட்காது. ஆடி பிறந்து பதினெட்டாவது நாள், அவ்வளவுதான். ஆங்கிலத் தேதியில் ஆகஸ்ட் 2 அல்லது 3. தைப் பொங்கலும் சித்திரை முதல் நாளும் இதே ஜாதி. சூரியனை வைத்து நாள் எண்ணுகிற பண்டிகைகள்.

ஒரு விவசாயிக்கு இதில் இருக்கிற வசதியை யோசித்துப் பாருங்கள். சந்திரன் கணக்குப் பருவத்தைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், நடுநடுவே அதிக மாசம் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். சூரியக் கணக்கு மழையோடு கூடவே வரும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய ஜூன் முதல் தேதி தொடங்குகிறது. குடகு மலையிலும் வயநாட்டிலும் ஜூலையில் கொட்டித் தீர்க்கிறது. குடகிலிருந்து காவிரி, வயநாட்டிலிருந்து கபினி, இரண்டும் சேர்ந்து மலை இறங்கிச் சமவெளிக்கு வந்து சேரும்போது இங்கே ஆடி நடந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது ஒரு சொட்டு மழை இருக்காது. மேலக்காற்று புழுதியை வாரி அடிக்கும். இங்கே மழையே இல்லாமல், எங்கேயோ பெய்த மழை ஆறாக வந்து நிற்கும். அணைகள் இல்லாத காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு அது அதிசயமாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பஞ்சாங்கக் குறிப்பு, ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். நம் சூரிய வருஷம் உண்மையான பருவ வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய 60, 70 வருஷத்துக்கு ஒரு நாள் பிந்தும். ஒரு காலத்தில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் இருந்த சித்திரை முதல் தேதி இன்றைக்கு அதைத் தாண்டி 24 நாள் தள்ளி ஏப்ரல் 14ல் நிற்பது இதனால்தான். அப்படியானால் ராஜராஜன் காலத்து ஆடிப் பதினெட்டு, பருவத்தோடு ஒப்பிட்டால், இன்றையதைவிட இரண்டு வாரம் முன்னதாக, ஜூலை மத்தியை ஒட்டி வந்திருக்கும். அதாவது ஆற்றில் முதல் தண்ணீர் எட்டிப் பார்க்கிற நேரம். இன்றைக்கு அது வெள்ளம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்துக்கு நகர்ந்திருக்கிறது. பதினெட்டு என்ற எண்ணுக்குப் பாரதப் போர் 18 நாள் நடந்தது என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது.

புதுவெள்ளத்தைக் கொண்டாடுவதே காவிரிக்கு மட்டும் உரியதும் அல்ல. பரிபாடலில் வையையைப் பாடும் பாடல்கள் முழுக்க இந்தக் குதூகலம்தான். மதுரை ஜனங்கள் புதுப்புனலைப் பார்க்க முண்டியடித்து ஓடுகிறார்கள், நண்டு, இறால், வாளை என்று உருவங்களைத் தண்ணீரில் விட்டு விளைச்சல் பெருகட்டும் என்று வாழ்த்துகிறார்கள். கல்கி பொன்னியின் செல்வனை ஆடிப் பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கினார். நம்மில் பாதிப்பேர் இந்தப் பண்டிகையை ஆற்றில் பார்த்ததைவிட அந்த முதல் அத்தியாயத்தில்தான் பார்த்திருப்போம்.

சரி, படித்துறைக்கு வருவோம்.

காலையிலேயே கரையில் ஒரு இடத்தைப் பிடித்துச் சாணி தெளித்து மெழுகிக் கோலம் போடுவார்கள். மஞ்சளிலோ ஆற்று மண்ணிலோ ஒரு பிள்ளையார். வாழை இலையில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ. வெற்றிலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. சுவாமிமலை, ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலைதான் கும்பகோணம் வெற்றிலை என்று ஊர் ஊராகப் போகிறது. பழத்தில் அந்தப் பருவத்தில் கிடைக்கிற நாவல்பழம், விளாம்பழம், பேரிக்காய். அப்புறம் காப்பரிசி. ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம், எள், தேங்காய்ச் சில்லு சேர்த்துப் பிசைந்தது. அடுப்பே வேண்டாத பிரசாதம். பூஜை முடிந்ததும் மஞ்சள் சரடை ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்வார்கள். கல்யாணமான பெண்கள் கழுத்தில், கன்னிப் பெண்கள் கழுத்திலோ கையிலோ, ஆண்பிள்ளைகளுக்கு வலது மணிக்கட்டில். புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலிக் கயிற்றைப் பிரித்துப் புதுக்கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்வார்கள். கல்யாணத்தன்று போட்ட மாலையைக் காய வைத்துப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து அன்றைக்குத்தான் ஆற்றில் விடுவார்கள்.

பையன்களுக்கு இதில் எதுவும் பிடிக்காது. அவர்களுக்குச் சப்பரம். சப்பரத்தட்டி என்றும் சொல்வார்கள். மரச்சக்கரம் வைத்த சின்னத் தேர், நடுவில் ஒரு சாமி படம், முன்னால் கயிறு. தெருவிலிருந்து ஆற்றுக்குக் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். தஞ்சை, கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் வளர்ந்தவர்களிடம் சப்பரம் என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். பிளாஸ்டிக் பொம்மை வந்த பிறகு ஆசாரிகளுக்கு அந்த ஒரு வார வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் முழுசாகப் போய்விடவில்லை.

மத்தியானம் கலந்த சாதம். எலுமிச்சை, புளியோதரை, தேங்காய், எள்ளு, கடைசியில் தயிர். தூக்கில் கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதைப் பிக்னிக் என்று எழுதுகிற பத்திரிகைகள் உண்டு. கிழவிகளிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்: "காவேரி இப்ப முழுகாம இருக்கா. மசக்கைக்காரிக்கு வாய்க்குப் புளிப்பா உறைப்பா வேண்டாமா?"

எனக்கு இந்தப் பதில்தான் முக்கியம். ஆடியில் காவிரி கர்ப்பிணி. அவளுக்குச் செய்வது வளைகாப்பு, சீமந்தம். வீட்டில் ஒரு பெண் உண்டானால் என்னவெல்லாம் செய்வோமோ அதெல்லாம்தான் ஆற்றுக்கும். ஸ்ரீரங்கத்தில் இதை இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, பட்டுப் புடவையும் மாலையும் மங்கலப் பொருள்களும் யானை மேல் வந்து காவிரிக்குச் சீராகப் போகும். சீர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறந்த வீட்டிலிருந்து வருவது சீர். ஆற்றை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே மகளுக்குச் செய்வதையும் செய்கிறோம். உறவுமுறை கொஞ்சம் குழம்பித்தான் கிடக்கிறது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

ஆடி மாசத்தில் சுப காரியம் கிடையாது, புதுமணப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மாசத்திலேயே இந்த ஒரு நாளுக்கு மட்டும் விலக்கு. இன்றைக்கு எதைத் தொடங்கினாலும் பெருகும் என்ற நம்பிக்கை. நகைக்கடைக்காரர்கள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

கர்ப்பம் என்றால் என்ன பிறக்கப் போகிறது? நெல். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஆட்கள் எல்லோரும் சொல்கிற பழமொழி. ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை, தையில் அறுவடை. பெருக்கும் பொங்கலும் ஒரே பயிரின் இரண்டு முனை. பொங்கல் நன்றி சொல்கிற பண்டிகை. விளைந்தது கையில் இருக்கிறது, அதைப் பொங்கிப் படைக்கிறோம். பெருக்கில் கையில் ஒன்றுமே இல்லை. களஞ்சியம் காலியாகிற காலம் அது. பையில் இருக்கிற விதையைப் போடுவதா, தண்ணீர் வரட்டும் என்று காத்திருப்பதா என்று தெரியாத நேரத்தில் ஆற்றுக்குப் புடவை கட்டுகிறோம். கடன் வாங்கிச் சீர் செய்கிற குடும்பம் மாதிரி.

முளைப்பாலிகையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் பெருக்குக்கு ஒன்பது பத்து நாள் முன்னாலேயே மண் கிண்ணத்தில் நவதானியம் விதைத்து, இருட்டில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளிர்மஞ்சளாக முளை வந்ததும் பெருக்கன்று கொண்டுபோய் ஆற்றில் கரைப்பார்கள். பக்தி என்று பார்த்தால் பக்தி. விதை எவ்வளவு முளைக்கிறது என்று வயலில் போடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளும் சோதனை என்று பார்த்தால் அதுவும்தான்.

இன்னொரு வேலையும் இந்தத் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்கால்களைத் தூர் வாருவது. ஊர் கூடி ஆளுக்கு ஒரு பங்கு வேலை என்ற இந்த ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். பிரிட்டிஷ்காரர்கள் 1858ல் இதற்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். தமிழ்நாடு அரசு 2016-17ல் அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆற்றுக்குச் சீர் செய்கிற நாள் என்பது, ஆறு வந்து நுழைய வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து முடித்திருக்க வேண்டிய கெடுவும்கூட.

இனி அணைகளுக்கு வருவோம். மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1924ல் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மேலே கிருஷ்ணராஜ சாகர், கீழே மேட்டூர். மேட்டூர் வேலை 1925ல் தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு உயரம் 120 அடி. அன்றிலிருந்து தஞ்சாவூருக்கு ஆறு எப்போது வரும் என்பது குடகு மழையை மட்டும் பொறுத்த விஷயமாக இல்லாமல் போனது. ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்று வழக்கமானது. மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. 2020, 2021, 2023 மூன்று வருஷமும் ஜூன் 12ல் மேட்டூரும் 16ல் கல்லணையும் திறந்தார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீரைப் பிரித்துவிட்டால், காவிரிப் பங்கு திருவையாறு வழியாகச் சுவாமிமலைக்கு வரும்.

ஜூன் 12ல் திறந்தால் குறுவை உண்டு. ஆடிப் பதினெட்டுக்குள் வயலில் குறுவைப் பயிர் நிற்கும், ஆறு கரை தொட்டு ஓடும், பெண்கள் நிம்மதியாக மசக்கைக்காரிக்குப் புளியோதரை கட்டுவார்கள். அப்படி நடக்காத வருஷங்களின் கணக்கு இது. 2012ல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2013ல் ஆகஸ்ட் 2, அதாவது பெருக்குக்கு முதல் நாள். 2014ல் ஆகஸ்ட் 15, 2015ல் ஆகஸ்ட் 9, 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2. 2018ல் ஜூலை 19ல் திறந்தார்கள், அணை நிரம்பி வழிந்தது, ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகளே அடித்துக்கொண்டு போயின. 2019ல் மறுபடி ஆகஸ்ட் 13. தொடர்ந்து எட்டு வருஷம் ஜூன் 12 தவறிப்போனது. சுவாமிமலைப் பக்கம் அந்த எட்டு வருஷத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைக்குப் பெருக்கு என்றால் மணலில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றுதான் மனதில் பதிந்திருக்கும்.

அப்புறம் நிலைமை மாறியது. 2022ல் மே 24லேயே திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பின் மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. 2023ல் ஜூன் 12ல் திறந்து பெருக்கன்று தண்ணீரும் ஓடியது. ஆனால் மேலே மழை பொய்த்தது, வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, குறுவை பல இடத்தில் காய்ந்தது, அக்டோபர் 10ல் அணையையே மூடினார்கள். பெருக்கன்று ஆறு ஓடினால் விளைச்சல் உறுதி என்று இல்லை என்பதற்கு அந்த வருஷம் சாட்சி. 2024ல் ஜூலை 28தான் திறப்பு, இரண்டே நாளில் அணை 120 அடி. அந்தப் பெருக்குக்குத் தண்ணீர் அதிகம் என்று பல இடங்களில் ஆற்றில் இறங்கவே தடை. ஒரு வருஷம் இல்லை என்று கஷ்டம், இன்னொரு வருஷம் இருக்கிறதே என்று கஷ்டம்.

நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் இந்தச் சண்டையில் வந்துபோனதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். ஒரு விஷயம் மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2007 இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி தரச் சொன்னது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 டிஎம்சி ஆக்கியது. அதை மாசம் மாசமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. அதற்கப்புறம் இறங்குமுகம். வருஷத்திலேயே அதிகமான பங்கு ஆகஸ்டுக்கு. பெருக்கு வருவது அந்த மாசத்தின் 2 அல்லது 3ம் தேதி. புள்ளிவிவரம் பார்த்து வல்லுநர்கள் போட்ட அட்டவணையும் நம் கிழவிகளின் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

கர்நாடகத்திலும் காவிரிக்குச் சீர் உண்டு. கிருஷ்ணராஜ சாகர் நிரம்பியதும் அந்த மாநில முதலமைச்சரே போய்ப் பாகினம் விடுவார். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், கறுப்பு மணி, ஓலைச்சுருள், தானியம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடித் தண்ணீரில் விடுவது. நம் பக்கத்தில் காதோலை கருகமணி என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். பெருக்குக்கு நாலு நாள் முன்னால் கும்பகோணம் கடைத்தெருவில் பார்க்கலாம். சிவப்புச் சாயம் தோய்த்த பனையோலைச் சுருள், கூடவே கறுப்பு மணி வளையம். காதில் ஓலை செருகிக்கொண்ட காலத்து நகை. இன்றைக்கு எந்தப் பெண்ணும் போடுவதில்லை. ஆற்றுக்கு மட்டும் இன்னும் பழைய நகையே வாங்குகிறோம். இரண்டு மாநிலமும் எதில் சண்டை போட்டாலும் காவிரிக்கு என்ன நகை பிடிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை!

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பாகினம் அணை நிரம்பிய பிறகு விடுவது. அதற்குத் தேதி கிடையாது. 2024ல் ஜூலை 29. 2025ல் ஜூன் மாதத்திலேயே, வரலாறு காணாத முறையில், அணை நிரம்பிவிட்டதால் ஜூன் 30. நிரம்பாத வருஷம் பாகினம் இல்லை. கொடுத்ததற்கு மரியாதை அது. கடைமடையில் இருக்கிற நமக்கு அந்த வசதி இல்லை. நம் பெருக்கு தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வந்தாலும் வராவிட்டாலும் பதினெட்டாம் தேதி ஊரே ஆற்றுக்குப் போய் நின்று எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறது. தேதி நகர்ந்துகொண்டே இருந்தால் ஆறு தாமதமாகிறது என்பதே யாருக்கும் தெரியாது. போன வருஷம் இந்த நாளில் மேல்படி வரை இருந்தது, இந்த வருஷம் மணல் தெரிகிறது என்று சொல்ல முடிவது தேதி அசையாமல் இருப்பதால்தான். பண்டிகை என்ற பெயரில் ஊர் முழுக்கச் சேர்ந்து ஆற்றுக்கு ஆஜர் எடுக்கிற நாள் என்று எனக்குத் தோன்றும்.

ஆறு காணாமல் போய்விடுமோ என்ற பயமும் அணை வந்த பிறகு வந்தது இல்லை. சுவாமிமலைக்கு மிகப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருக்கிறது. கடல் நுரையால் ஆனவர் என்று சொல்லப்படும் வெள்ளைப் பிள்ளையாரைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் வரும். அந்த ஊர்த் தலபுராணம் இப்படிப் போகிறது. பெருகி வந்த காவிரி இந்த இடத்தில் ஒரு பிலத்துக்குள், அதாவது பாதாளம் வரை போகிற பள்ளத்துக்குள், இறங்கி மறைந்துவிட்டது. கீழே இருக்கிற சோழநாட்டுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு அரசனோ ஒரு முனிவரோ அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் ஆறு வெளியே வரும் என்று அசரீரி சொல்கிறது. சோழ ராஜா போய்க் கேட்க, கொட்டையூரில் தவம் செய்துகொண்டிருந்த ஏரண்ட முனிவர் எழுந்து வந்து பிலத்தில் இறங்கிவிடுகிறார். காவிரி மேலே வந்து வலமாகச் சுழித்துக்கொண்டு போகிறாள், அதனால் வலஞ்சுழி. ஏரண்டம் என்றால் ஆமணக்கு. கொட்டைச்செடி நிறைந்த ஊர் கொட்டையூர்.

இந்தக் கதையில் முனிவர் திரும்பி வருவதில்லை. வரம் வாங்கி வந்தார், இறைவன் காப்பாற்றினார் என்று முடிக்க நம் புராணக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? இங்கே அப்படி முடிக்கவில்லை. ஆறு வேண்டுமென்றால் ஒருத்தர் போக வேண்டும் என்று கணக்குப் பேசியிருக்கிறார்கள். தண்ணீருக்கு விலை உண்டு என்று தெரிந்த ஊர்க்காரர்கள் சொன்ன கதை.

சுவாமிமலை ஸ்தபதிகளையும் சொல்லாமல் விட முடியாது. தென்னை ஓலையை மடித்து அளவு எடுத்து, மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் முதலில் பூசுவது காவிரியின் நைசான வண்டல் மண்தான். சிலையின் நகம், புருவம், நகையின் நுணுக்கம் எல்லாம் அச்சில் பதிவது அந்த முதல் பூச்சில். அதற்கு மேல்தான் களிமண் பூச்சு, இரும்புக் கம்பிக்கட்டு, சூளை, மெழுகு உருகி ஓடிய இடத்தில் பஞ்சலோகம். வெள்ளம் வந்தால் வண்டல் வரும். அணைகளில் தண்ணீர் நிற்கும்போது வண்டலில் ஒரு பங்கும் அங்கேயே படிந்துவிடுகிறது. வயலுக்கு மட்டும் இல்லை, சாமி வார்க்கிற தொழிலுக்கும் புதுவெள்ளம் வேண்டித்தான் இருக்கிறது.

வறண்ட வருஷங்களில் படித்துறையில் என்ன நடந்தது என்று முதலில் கேட்டேன் அல்லவா? பெரிய ஊர்ப் படித்துறைகளில் போர்வெல் போட்டுக் குழாயும் ஷவரும் வைத்துக் கொடுத்தார்கள், ஜனங்கள் வரிசையில் நின்று தலையில் தெளித்துக்கொண்டார்கள். சில வருஷம் ஆடிப்பெருக்குக்கென்றே மேட்டூரில் தனியாகக் கொஞ்சம் தண்ணீர் திறந்துவிட்டதும் உண்டு. சின்ன ஊர்களில் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, அதில் கசிந்து வந்த நாலு விரல் தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். காதோலையை அந்த ஊற்றின் ஓரத்தில் குத்தி வைத்தார்கள். கல்யாண மாலையை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஓடாத ஆற்றில் விட முடியாது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் மனசு வராது. மணலைத் தோண்டிப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள், தண்ணீர் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று கரையில் மரத்தில் தொங்கவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: காலை ஏழு மணிக்கெல்லாம் படித்துறைக்குப் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது. திருவலஞ்சுழியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம், கட்டுமலைக்கு மாலையில் ஏறினால் போதும். பூஜை சாமானை பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் விடாதீர்கள். தண்ணீர் நிறைய வந்திருந்தால் போலீஸ் கட்டியிருக்கிற கயிறுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், காவிரியில் இழுவையும் மணல் அள்ளிய குழியும் மேலே தெரியாது. யாராவது பாட்டி கூப்பிட்டுக் கையில் சரடு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள். காப்பரிசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.